நாற்பத்தொன்றாம் எண்

ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அக்கா வீட்டிலும் எல்லாரும் சுகம், ஆஸ்பத்திரி, ஊசி, மருந்து என்று எதுவும் இல்லை, அதனால் உறையைப் பிரித்ததும் அம்மாவின் உருண்டை எழுத்துக்குப் பதிலாக என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துப் பதறாதே. நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல், முதுகு வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். வழக்கமாக அம்மா நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் "நீங்களும் ரெண்டு வரி போடுங்க" என்று பேனாவை நீட்டுவாள், நானும் உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு என்று அதே இரண்டு வரியைப் போட்டுக் கையெழுத்து வைப்பேன். இந்த முறை முழுக் கடிதமும் என்னுடையது. "நீங்க பண்ணதை நீங்களே எழுதுங்க, என் கையால அது போகக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. விஷயம் உன் நாற்பத்தொன்றாம் எண்ணைப் பற்றியது. நல்ல செய்தி இல்லை அம்மாடி. வேலைக்குப் போகிற அவசரத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, அறைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இந்த வாரம் இரண்டு தடவை அதற்காகவே கூப்பிட்டேன். "சொல்லுங்கப்பா" என்று உன் குரல் வந்ததும் என் வாய் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு நின்றுபோயிற்று. உனக்கே சந்தேகம் வந்திருக்கும். காகிதத்தில் எழுதும்போது எதிரே யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மற்ற சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, இரண்டு தடவை ஆள் வந்து பார்த்தான், பார்த்ததோடு சரி. உன் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது, புதுக் கண்ணாடியில் சமையலறை இவ்வளவு அழுக்கா என்று கேட்டுவிட்டு மூன்று நாள் தேய்த்துக் கழுவினாள். அக்காவின் சின்னது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து, எல்லாரும் ஓடி முடிக்கும்வரை காத்திருந்து வந்தேன் என்று வீட்டில் கதை அளந்திருக்கிறது. என் முழங்கால் மாடிப்படியில் மட்டும் மக்கர் பண்ணுகிறது. ஆனாலும் காலையில் மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தேன், ஏழு பத்துக்கு உங்கள் கம்பெனி விமானம் நம் தெருவுக்கு மேலே தாழ வருகிறதே, அதைப் பார்க்க. உனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு எதையாவது நேரம் பார்த்துக் குறிக்காவிட்டால் கை அரிக்கும். ஒரு பழைய டைரியில் தினமும் குறித்து வைத்தேன், நான்கு நிமிடம் தாமதம், இரண்டு நிமிடம் முந்தி, இன்று வரவே இல்லை, மழை. "சம்பளம் இல்லாம அவங்களுக்கு டூட்டி பாக்கறீங்களே" என்று அம்மா கேலி செய்வாள். என் மகள் திரும்ப விமானம் ஓட்ட ஏறும்போது அவளிடம் கொடுப்பேன், கம்பெனி லட்சணம் தெரியட்டும் என்பேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மாடிக்குப் போகவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது, ஏழு பத்துக்கு.

சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னை நிறுத்தி வைத்தபோது அந்தக் கம்பெனி என்ன சொன்னது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகை விமானங்களில் நான்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஐம்பத்தெட்டு விமானிகளுக்கு இப்போது வேலை இல்லை, வேலையை விட்டு அனுப்பவில்லை, வீட்டில் இருங்கள், நிலைமை சரியானதும் சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிடுவோம் என்று காகிதம் கொடுத்தார்கள். அந்த ஐம்பத்தெட்டில் நீ நாற்பத்தொன்று. முதல் வருடம் ஒன்பது பேரைக் கூப்பிட்டார்கள், அப்புறம் சொட்டுச் சொட்டாக முப்பத்து மூன்று வரை வந்து, ஏழு மாதம் அங்கேயே நின்றது. அந்த ஏழு மாதத்தில்தான் நீ தாங்க முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தக் குளிர் தேசத்துக் கிடங்கில் பெட்டி தூக்கப் போனாய். அங்கே வீடு மாறிக்கொண்டே இருக்கப் போகிறேன், கம்பெனிக்கு நம் வீட்டு விலாசமே இருக்கட்டும் அப்பா, நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் பொறுப்பு என்றேன். அந்த விலாசத்துக்குப் போன மாதம் வரை மூன்று பதிவுத் தபால் வந்திருந்தது. முதலாவது வீட்டில் இருக்கச் சொன்னது. இரண்டாவது இன்னும் ஆறு மாதம் என்றது. மூன்றாவது, மூன்று வருடத்துக்குள் கூப்பிட முடியாதவர்களின் பெயர் பட்டியலை விட்டு நீங்கும் என்றது. அதை நான் போனில் உனக்கு வாசித்துக் காட்டியபோது நீ அழுதாய், பிறகு "இனிமே அது வந்தா எனக்குப் படிக்காதீங்கப்பா" என்றாய். விமானிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன், தினம் ஒரு புரளி, தலை வெடிக்கிறது என்றாய். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேலே படிக்கும்போது நீ இதை உன் தலையில் போட்டுக்கொள்வாய், உன் புத்தி எனக்குத் தெரியும். போட்டுக்கொள்ளாதே. நீ படிக்காதே என்றுதான் சொன்னாய், வாங்காதே என்று சொல்லவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினொன்று இருபதுக்கு, தபால்காரர் நான்காவது பதிவுத் தபாலோடு வந்தார். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மாப்பிள்ளை வந்து, உங்கள் கம்பெனி பட்டியலின் வாலை நறுக்கப் போவதாக எங்கேயோ படித்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, படித்ததைச் சொன்னார். நீண்ட வெள்ளை உறை, மூலையில் உங்கள் கம்பெனியின் அந்த நீலப் பறவை. இது உன் பெயரை எடுத்துவிட்டதாகச் சொல்லும் காகிதம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். டெப்போவில் கொக்கி என்று ஒரு டிரைவர் இருந்தான், உனக்குக் கதை சொல்லியிருக்கிறேன், சஸ்பெண்ட் மெமோவை எட்டு மாதம் வாங்காமல் ஏய்த்தானே, அவன்தான். மெமோவோடு ஆள் வந்தால் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ முடுக்குவான். கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே அது அவன் மேல் விழும், வாங்காதவரை அவன் வேலையில் இருக்கிறவன்தான். எட்டு மாதத்தில் மேனேஜரே மாறிப் போனார், மெமோவும் குப்பைக்குப் போயிற்று. அந்த யோசனையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அதே கெட்டிக்காரத்தனத்தை வாசலில் நின்று காட்டினேன். வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பு என்றேன். "வாங்கலைன்னா திருப்பிடுவேன் சார், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார் தபால்காரர். நல்லாத் திருப்பு என்றேன். உன் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, "வாங்கித்தான் பாருங்களேன், என்னன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றாள். உனக்கு இந்த ஆபீஸ் சமாச்சாரமெல்லாம் தெரியாது, உள்ளே போ என்றேன். அவர் உறையில் ஏதோ எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். நான் உள்ளே வந்து, மகளுக்கு இன்னும் ஒரு மூன்று மாதம் சம்பாதித்துக் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பில் இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போது வாயெல்லாம் கசக்கிறது.

அது உன்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட கடிதம் அம்மாடி.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத நான்கு நாள் ஆயிற்று. இனி மிச்சத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்துக்குப் பதினான்கு நாளில் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தப் பதினான்கு நாளில் நீ மூன்று தடவை போன் செய்தாய். முதல் தடவை, மூன்றாம் நாள், நானாகவே "உன் நம்பர் பத்திரமா இருக்கு, அப்பா பாத்துக்கறேன்" என்று பெருமையாகச் சொன்னேன், நீகூடச் சிரித்தாய். இரண்டாவது தடவை ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. நீ என்றைக்கும் கேட்காதவள் அன்றைக்கு, "கம்பெனியில இருந்து ஏதாவது லெட்டர் வந்துச்சாப்பா" என்று கேட்டாய். கிடங்கில் யாரோ விமானத்தைப் பற்றிப் பேசினார்கள், அதனால் ஞாபகம் வந்தது என்றாய். நான் "ஒண்ணும் வரலைம்மா" என்றேன். வந்தது, வாங்கவில்லை என்று சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே கம்பெனிக்குப் பேசியிருப்பாய். நீ படிக்காதே என்று அழுத பிள்ளை, எதற்கு அதைச் சொல்லி உன் சனிக்கிழமையைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது. மூன்றாவது தடவை நீ கூப்பிட்டது பதினைந்தாம் நாளா, பதினான்காம் நாளா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினான்காம் நாள்தான், சாயங்காலம், அலுவலகம் மூடிய பிறகு. மழைக் கோட்டு வாங்கியதைப் பற்றிப் பேசினோம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், இந்தச் செவ்வாய்க்கிழமை காலை உன் நெட்டை கேப்டன் வீட்டுக்கு வந்தார். உன்னை முதன்முதலில் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்று நீ போட்டோ காட்டியிருக்கிறாய், ஆனாலும் சாதாரணச் சட்டையில், பழப் பையோடு வாசலில் குனிந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. நம் வாசல் நிலை அவர் உயரத்துக்குப் போதவில்லை. அம்மா ஆசையாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சார், பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டாளாமே, அங்கேயே செட்டில் ஆயிட்டாளா?" எனக்குப் புரியவில்லை. அவர்தான் விவரம் சொன்னார். ஒரே மாதத்தில் ஒன்பது கேப்டன்கள் பெரிய கம்பெனிக்குத் தாவிவிட்டார்களாம், இருந்த துணை விமானிகளை அவசரமாகக் கேப்டனாக்கினார்களாம், துணை விமானி உட்காரும் வலப்பக்கத்து ஆசனம் எல்லாம் காலியாகிவிட்டதாம், ஏழு மாதம் முப்பத்து மூன்றில் நின்ற பட்டியலை ஒரே மூச்சில் நாற்பத்தொன்பது வரை கூப்பிட்டார்களாம். எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், நாற்பத்தொன்று மட்டும் வரவில்லை. உனக்கு அடுத்த நாற்பத்திரண்டு, அந்தச் சுருட்டை முடிக்காரன், நம் வீட்டுக் கூடத்தில் நீ நேர்முகத் தேர்வுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கினாயே, அவன் பயிற்சி முடித்து வரும் வாரம் ஏறப் போகிறானாம். நீ வராததில் அவனுக்கு வருத்தமாம், கேப்டன் சொன்னார். உன் அம்மாதான் கேட்டாள், அந்தக் கடிதம் எப்போது அனுப்பினார்கள் என்று. அவர் தேதியைச் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவர் போகும்போது, நான் பேசிப் பார்க்கிறேன், பார்க்கலாம் சார் என்றார். "பார்க்கலாம்" என்பதன் கனம் எனக்குத் தெரியும், டெப்போ ஜன்னலில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை அவர்கள் அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். ஓடுபாதை வேலிக்குப் பக்கத்தில் அந்த நீளக் கட்டடம், இரண்டாவது மாடி, நடைபாதையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் கண்ணாடிக்குள் உங்கள் பட்டியல். ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் டெப்போவில் நாங்கள் டூட்டி லிஸ்ட் ஒட்டிய மாதிரியே இருந்தது, கோணலாக. நாற்பத்தொன்றின் மேல் அளவுகோல் வைத்துச் சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். உள்ளே ஆள் விவகாரம் பார்க்கிற அதிகாரியம்மா, கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார், நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். உன் கோப்பை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அந்த உறையை அதில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள், பிரிக்காமலே. மேலே தபால்காரர் கையெழுத்தில் "வாங்க மறுத்துவிட்டார்", தேதி, மணி பதினொன்று இருபது. நேரத்தை மட்டும் மனுஷன் கச்சிதமாகப் போட்டிருந்தார். மறுத்தது நான், அவள் இல்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது என்றேன். "வாங்க மறுத்தாலும் சேர்ந்த மாதிரிதான் சார், ரூல் அப்படி" என்றார். இமெயில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். கம்பெனி இமெயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதை உன்னை நிறுத்தி வைத்த அன்றே மூடிவிட்டார்களாம், இதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நான் சட்டம் பேச வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. ஏன் என்றால் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கொக்கியின் காலமெல்லாம் மலையேறிப் பல வருடம் ஆயிற்று. நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே டெப்போவில் ரூலை மாற்றிவிட்டார்கள், மெமோவை வாங்காவிட்டால் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும், கொடுத்ததாகவே கணக்கு. அந்தக் காகிதங்களுக்குப் பசை தடவி ஒட்டியவனே நான்தான். கொக்கியின் கதையைச் சொல்லிச் சொல்லி, நானே ஒட்டிய காகிதத்தை மறந்துபோனேன்.

கடிதத்தின் நகல் ஒன்று கோப்பில் இருந்தது, படிக்கக் கொடுத்தார். ஒரே பக்கம். உங்களை மீண்டும் பணிக்கு அழைப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம் என்று தொடங்குகிறது. என்றைக்கு வந்து சேர வேண்டும், எத்தனை நாள் சிமுலேட்டர் பயிற்சி, புதுச் சீருடைக்கு அளவு எங்கே கொடுக்க வேண்டும் எல்லாம் இருந்தது. முழுவதையும் என் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி எடுத்துக்கொண்டேன். உனக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். மேல்முறையீடு உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார். பட்டியலில் மிச்சம் இருக்கிற ஒன்பது பேரையும் அடுத்த மாதம் கூப்பிட்டுவிடுவார்களாம், அதற்குப் பிறகு வெளியிலிருந்து புதிதாக ஆள் எடுப்பார்களாம், நீ மனுப் போடலாம், ஆனால் கடைசி ஆளாக, முதலிலிருந்து. அதற்கும் கடைசி ஆறு மாதத்தில் விமானம் ஓட்டியிருக்க வேண்டுமாம். நீ ஓட்டி இரண்டு வருடம் ஆகிவிட்டது. பயிற்சிப் பள்ளியிலிருந்து போன மாதம் வெளியே வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பறந்த மணிக்கணக்கு இருக்கிறது, உனக்கு இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேறு காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் எழுந்திருக்கவில்லை. கோப்பின் மேலட்டையில் உன் பெயருக்கு எதிரே "பணிக்குத் திரும்ப மறுத்தவர்" என்று எழுதியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதையாவது மாற்றுங்கள், அவள் மறுக்கவில்லை, இரண்டு வருடம் தினம் தினம் காத்திருந்த பிள்ளை, நாளைக்கு வேறு கம்பெனிக்காரன் விசாரித்தால் கூப்பிட்டும் வராதவள் என்றல்லவா நினைப்பான் என்றேன். கோப்பில் எழுதியதை மாற்ற முடியாது என்றார். ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். கடிதத்தை வாங்க மறுத்தது நான், என் மகள் அல்ல, அவளுக்கு இது தெரியாது, நான் பொய்யும் சொன்னேன் என்று எழுதி, தேதி, மணி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதனால் ஒன்றும் ஆகாது சார் என்றார். தெரியும், குத்தி மட்டும் வையுங்கள் என்றேன். உறைக்கு மேலே குத்தி வைத்தார். இத்தனை கெட்டிக்காரத்தனத்துக்குப் பிறகு உனக்காக என்னால் முடிந்தது அந்த ஒரு குண்டூசிதான்.

கேப்டன் நேற்று போன் செய்தார். பேசிப் பார்த்தாராம், நடக்கவில்லை. சரக்கு ஏற்றும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது, அவர்களும் சமீபத்திய மணிக்கணக்குத்தான் கேட்கிறார்கள், ஆனாலும் உன் மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லு என்றார். அதை அப்படியே சொல்கிறேன், நம்பிக்கை கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. நீ சின்ன வயதில் கணக்கில் தப்புப் பண்ணினால் அழித்துவிட்டு மறுபடி போடு என்பேன், இதை எங்கே அழித்து எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதிக் கேட்கவிருக்கும் கேள்விக்கெல்லாம் பதில் யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்பாய். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன், கேட்டால் உனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இரண்டையும் நானே நினைத்துக்கொண்டேன். நீ என்னைத் திட்டு. இரண்டு மாதம் பேசாமல் இருக்க வேண்டும் என்றால் இரு. ஆனால் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு கிடங்கில் கனமான பெட்டியைத் தனியாகத் தூக்காதே, கூட ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள், உன் முதுகு இன்னும் உனக்கு வேண்டும். காலுறை இரண்டு போட்டுக்கொள். இரவு டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, கிடங்கில் உன்கூட வேலை பார்க்கிற அந்த ஊர்த் தோழியோடு வா.

உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். உன் சீருடையை, அந்தத் தோளில் இரண்டு தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையை, மாதம் ஒரு தடவை எடுத்து இஸ்திரி போட்டு அலமாரியில் தொங்கவிடுவாள், நான் ஞாயிற்றுக்கிழமை உன் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போடுவேன், இது உனக்குத் தெரியாது, தெரிந்தால் அழுவாய் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கேப்டன் போனதும் அவள் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டாள். என்னிடம் சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருக்கிறாள். என் மேல் உள்ள கோபம் ஆறுகிறவரை ஆறட்டும் என்று விட்டிருக்கிறேன். இன்று ஞாயிறு, பழக்க தோஷத்தில் பாலிஷ் டப்பாவை எடுத்துவிட்டேன். ஷூவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சாதாரணத் தபாலில் போட எனக்கு இனி நம்பிக்கை இல்லை. அந்த ஊர்த் தபால்காரர் உன் வாசலில் வந்து கையெழுத்துக் கேட்பார். இதை நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் போட்டு வாங்கிவிட்டாய் என்று அர்த்தம். உன் அப்பன் செய்யாததை நீ செய்துவிட்டாய். உன் புது மனுவை நீ எங்கே போட்டாலும் இனி இந்த விலாசத்தைக் கொடுக்காதே, உன் விலாசத்தையே கொடு, எத்தனை வீடு மாறினாலும் பரவாயில்லை. மருத்துவச் சான்றிதழ் முடிகிற தேதியை ஒரு தடவை பார்த்துவிடு, மறக்காதே. நீ எங்கே இருந்தாலும், ஏறினாலும் ஏறாவிட்டாலும், தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுளையும் சேர்த்து நீ இரு. கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், வழக்கமாக எனக்கு விடுகிற இடம். அம்மா எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் இப்படியே ஒட்டி அனுப்புகிறேன்.

உன் நம்பரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளாத
உன் அப்பா

கண்ணு, அவர் எழுதியது முழுக்கப் படித்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு நான் பக்கத்தில்தான் நின்றேன், தபால்காரர் என்னையும் பார்த்தார். என் கை ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டு நானே வாங்கியிருக்கலாம்.
அம்மா